கரிப்பேந்தலின் பொறுமை

கரிப்பேந்தல் ஊர்க்காரனிடம் வம்பிழுப்பதும் பனங்கட்டையிடம் வம்பிழுப்பதும் ஒன்று என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு கேலி உண்டு. பஸ் வரவில்லையென்றால் அடுத்த பஸ்ஸில் போவார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை ஒரு முழம் நகர்த்திப் போட்டுவிட்டால், "போகட்டும், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல" என்பார்கள். அந்த ஊருக்கென்று திறந்த காவல் சாவடியில் வழக்குகளைவிட ஏட்டையாவின் கோழிகள்தான் அதிகம்.

தாட்சாயணி அதற்கு நேர் எதிர். அம்பத்தூரில் பிறந்தவள். மின்வேதியியலில் கெட்டிக்காரி, கோபத்தில் அதைவிடக் கெட்டிக்காரி. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது பேராசிரியரோடு வாக்குவாதம் முற்றி, கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைத் தரையில் அடித்து உடைத்தவள். சொந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாது. கரிப்பேந்தலின் நிலத்தடி உப்புநீரில் லித்தியம் இருப்பது தெரிந்து, பேட்டரிக்காக அதைப் பிரித்தெடுக்க ஒரு சிறிய சோதனை ஆலை தொடங்கினார்கள். அந்தக் கருவேலங்காட்டுக்கு வேறு யாரும் வர ஒத்துக்கொள்ளாததால் அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது.

வந்த சில மாதங்களில் அவளுக்கே ஆச்சரியமாகிவிட்டது. படுத்தால் தூக்கம் வந்தது. கருவி பழுதானால் பல்லைக் கடிக்காமல் திருப்புளியை எடுத்தாள். கடல்காற்றுதான் காரணம், வெட்டவெளிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். ஆலையின் மோட்டார் புகைந்தபோது அதைக் கழற்றிப் போய், உள்ளே செம்புக் கம்பிச் சுருளைப் புதுக் காயிலாகக் கட்டிக் கொண்டுவந்தவன் பூவலிங்கம். ஊர் முக்கில் அவனுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை இருந்தது. மோட்டாரைப் பொருத்திய பிறகும் போகாமல் அவளுடைய மேசையருகே நின்றான். அங்கே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் நான்கு மெல்லிய கம்பிகள் இறங்கியிருந்தன. பக்கத்துத் திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

"இது என்னத்தத் தேடுது?" என்று கேட்டான்.

"கீழ இருக்கறது உங்க ஊர்த் தண்ணி. மேல மிதக்கறது எண்ணெய். தண்ணியில எத்தனையோ உப்பு இருக்கு. எண்ணெய்க்குள்ள ஒரு வளைய மூலக்கூறு போட்டிருக்கோம். லித்தியம் மட்டும் அதுல மோதிரத்துல கல்லு மாதிரி கச்சிதமா உட்காரும். மத்தது எதுவும் அதுல அப்படிப் பொருந்தாது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல லித்தியம் தண்ணியைத் தாண்டி எண்ணெய்க்குள்ள போகும். தாண்டறப்ப மின்சாரம் ஓடும். அதோ, கோடு மேல ஏறி இறங்குது பாருங்க. அந்த மேடு."

"மேடு பெருசா இருந்தா?"

"சரக்கு நிறைய இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு வேகமா தாண்டுது, எங்க தடுக்குதுன்னும் அதுலயே தெரிஞ்சிடும். பெரிய தொட்டியில நடக்கப்போறதை இந்தக் கிண்ணத்துலயே பார்த்துடலாம்."

அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். "நாங்க கரண்டைக் குடுத்துச் சுத்த வைக்கிறோம். நீங்க கரண்டைக் குடுத்துத் தாண்ட வைக்கிறீக" என்று சொல்லிச் சிரித்தான். மறுவருடம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கரிப்பேந்தலில் கணவனைப் பெயர் சொல்லி, "வா, போ" என்று கூப்பிட்ட முதல் பெண் அவள்தான். அதற்கும் யாரும் சண்டைக்கு வரவில்லை.

பெரிய ஆலை வந்தது. மேலாளராகக் காங்கேயத்துக்காரர் மயில்சாமி வந்தார். வேலையில் கறார், மனதில் ஈரம். லித்தியம் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரைக் கடலில் விடாமல் மற்ற உப்பையும் நீக்கி ஊருக்கே குடிக்கக் கொடுக்கலாம் என்றது அவர்தான். தலைமுறை தலைமுறையாக வாயில் வைத்தால் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த ஊருக்கு, வீட்டு வாசலில் குழாய் வந்தது, அதில் தேன்போல நல்ல தண்ணீர் வந்தது. பருப்பு சீக்கிரம் வெந்தது. குழாய் திறந்த அன்று மயில்சாமிக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள்.

ஒரு வருடம் ஓடியிருக்கும். பஸ் வராத ஒரு காலையில் யாரோ பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். ரேஷன் கடை வரிசையில் இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். ஏட்டையாவின் கோழிகளே திருடுபோயின. தேர்தல் வரப்போகிறது, அதனால்தான் என்றார்கள். வெயில் என்றார்கள். பிறகு சேதுராசுவுக்கும் அவன் தம்பிக்கும் ஒரு பனைமரத்தைப் பற்றிப் பேச்சு வந்து, தம்பி அரிவாளை எடுத்துவிட்டான். சேதுராசுவுக்கு இரண்டு விரல்கள் போயின. அந்தப் பனை முப்பது வருடமாக இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் தாட்சாயணியும் தன் பழைய குரலைக் கேட்டாள். பூவலிங்கம் குளியலறை விளக்கை அணைக்காமல் வந்துவிட்டான், அவ்வளவுதான். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதி, சாம்பார் வழிந்தது. பூவலிங்கம் ஈரத்துணி எடுத்துவந்து சுவரைத் துடைத்தான். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்பத்தூரில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தது எப்படி இத்தனை தூரம் வழி கண்டுபிடித்து வந்தது?

வெட்கம் அடங்கியதும் அவளுக்குள் ஆர்வம் கிளம்பியது. அவளுடைய சுபாவம் அது. மறுநாள் மூடிக்கிடந்த ஊர்க்கிணற்றில் ஒரு குப்பி தண்ணீர் எடுத்தாள், வீட்டுக் குழாயில் ஒரு குப்பி. கிணற்றுத் தண்ணீரில் கோடு நன்றாக மேடு கட்டி இறங்கியது. குழாய்த் தண்ணீரில் கோடு பாய் விரித்தாற்போலக் கிடந்தது. இதில் புதிதாக ஒன்றுமில்லை. லித்தியத்தை ஒரு பொட்டு விடாமல் எடுப்பதுதான் ஆலையின் வேலை. அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்து வருடம் முழுவதும் மகிழ்ந்தவள் அவள்தான்.

ஆனால் இப்போது அதைப் பார்க்கையில் கல்லூரி விடுதித் தோழி ஒருத்தியின் ஞாபகம் வந்தது. மனம் ஒரு நாள் மலையுச்சியிலும் மறுநாள் கிணற்றின் ஆழத்திலும் கிடந்த பெண். மனத்தைச் சமனாக்க அவளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது லித்திய மாத்திரை.

ஆலை ஊழியர்கள் வேலைக்குச் சேரும்போது எடுத்த ரத்த மாதிரிகள் குளிர்பெட்டியில் இருந்தன. தாட்சாயணி அவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் புதிதாகவும் ரத்தம் எடுத்தாள். உள்ளூர்க்காரர்களின் பழைய ரத்தத்தில் மேடு இருந்தது, சின்னதாக, ஆனால் சந்தேகமில்லாமல். புதியதில் இல்லை. தன்னுடையதைக் கடைசியாகப் பார்த்தாள். அம்பத்தூரிலிருந்து வந்த புதிதில் எடுத்தது தட்டை. கல்யாணத்துக்கு முந்தைய மாதம் வருடாந்திரப் பரிசோதனைக்கு எடுத்ததில் அழகான மேடு. இப்போது மறுபடி தட்டை.

அப்படியானால் அந்தத் தூக்கம் யாருடையது, அந்தச் சிரிப்பு, பூவலிங்கத்தின் பேச்சைக் கேட்டு நின்ற அந்த நிதானம்?

மயில்சாமி முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உறுதிங்களா அம்மணி?"

"ரத்தத்துல இருந்தது, இப்ப இல்ல. அது உறுதி. சண்டைக்கு அதுதான் காரணமான்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார். ஆனா வேற எதுவும் மாறலையே."

"அப்பறம் என்னுங்க, திருப்பிக் கலந்து உட்டர்லாம். பழைய அளவு எத்தனையோ அத்தனை. ஒரு சின்னப் பம்பு போதும். ஊரு பழையபடி ஆயிரும்."

"யாரையும் கேக்காமலா?"

"கேட்டா என்னாகும்னு ரோசனை பண்ணிப் பாருங்கோ. எங்க தண்ணியில மருந்தா கலக்குறேன்னு அதுக்கு வேற ஒரு சண்டை. ஏனுங்க, இத்தனை நாளா பூமி அவங்களைக் கேட்டுக்கிட்டா கலந்துச்சு?"

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. அதை அடக்கிக்கொண்டு யோசித்தாள். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

"பூமிக்குத் தெரியாது சார்" என்றாள் கடைசியில். "நமக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகு எடுக்கறதும் தப்பு, போடறதும் தப்பு. சொல்லிட்டுத்தான் எதையும் செய்யணும்."

மயில்சாமி கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "எனக்கு ஊர்வலம் உட்ட சனமுங்க. நானும் வர்றனுங்க. அடி உழுந்தா ரெண்டு பேருக்கும் உழுகட்டும்" என்றார்.

பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டகையின் கீழ் கூட்டம். ஊராட்சித் தலைவி சுலைகா பீவி நடுவில் உட்கார்ந்திருந்தார். தாட்சாயணி கண்ணாடிக் கிண்ணத்தையும் திரையையும் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினாள். கிணற்றுத் தண்ணீரின் மேடு. குழாய்த் தண்ணீரின் தட்டை. பிறகு, பெயர் சொல்லாமல், ரத்தத்தின் கோடுகள்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "அப்ப எங்க அப்பன் பாட்டன் எல்லாம் நல்லவுகளா இருந்தது குணத்தால இல்ல, உப்பாலங்கிறியா தாயி?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பதில் வைத்திருந்தாள்.

"அப்படிச் சொல்லலைங்க ஐயா. என் வீட்டுக்காரரைப் பாருங்க. நான் குடிக்கற அதே குழாய்த் தண்ணியைத்தான் அவரும் ஒரு வருஷமா குடிக்கறாரு. நான் தட்டை எறிஞ்சேன். அவரு சுவத்தைத் துடைச்சாரு. உப்பு போனாலும் குணம் போகாதவங்க இருக்காங்க."

எல்லோரும் திரும்பிப் பூவலிங்கத்தைப் பார்த்தார்கள். அவன் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் கொஞ்சம் சமாதானமாகி உட்கார்ந்தார்.

சேதுராசுவின் மனைவி அழுதுகொண்டே பேசினாள். "எனக்கு வேற எதுவும் வேணாம். அண்ணனும் தம்பியும் ஒரு வட்டில்ல தின்ன வீடு. அந்தப் பழைய தண்ணியக் குடுத்துருங்க, போதும்." ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள் எழுந்தன. சுலைகா பீவி, "அப்ப கலந்துரலாம்னு முடிவு பண்ணிரலாமா?" என்று கேட்டார். கைகள் உயரத் தொடங்கின.

அப்போது காளீஸ்வரி எழுந்தாள். ஆலை உணவகத்தில் சமைப்பவள். சில மாதங்களுக்கு முன் கணவனை விட்டுவிட்டு மகளோடு தனியாக வந்திருந்தாள். தாட்சாயணி அவளைப் பார்த்ததும் உள்ளுக்குள் கூசினாள். உப்பு போனதில் உடைந்த குடும்பங்களில் காளீஸ்வரியுடையதும் ஒன்று. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தாள்.

"மதினி, எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள் காளீஸ்வரி, தாட்சாயணியைப் பார்த்து. "ஊரே அமைதியா இருந்துச்சுங்கிறீக. எங்க வீட்ல இல்ல. இருவது வருசம் அந்த ஆளு அடிச்சாரு. நான் வாங்கிக்கிட்டுச் சோறாக்கிப் போட்டேன்."

"அவனுந்தான அந்த உப்பத் தின்னான்? அவனுக்கு ஏன் கோவம் வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவரு குடிச்சது தண்ணி மட்டுமாண்ணே?" என்றாள் அவள். சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் சிரிக்கவில்லை. "ஊரெல்லாம் காளீசு பொறுமைசாலின்னுச்சு. எங்க ஆத்தாளும் அதத்தான் சொன்னா. போன ஐப்பசியில அவரு கையை ஓங்குனப்ப, எனக்கு இங்கிட்டு, நெஞ்சுக்குள்ள, குபுக்குனு ஒண்ணு வந்துச்சு. அதுக்குப் பேரு என்னன்னே எனக்குத் தெரியல. அதுவரைக்கும் வந்ததே இல்ல. அகப்பையால ஒண்ணு போட்டுட்டு, புள்ளையக் கூட்டிக்கிட்டு வெளியேறிட்டேன். இப்ப நீங்க, அது உப்புக் கொறஞ்சதுனால வந்துச்சுங்கிறீக. சரி. எதனால வந்தா என்ன? எனக்கு வந்துச்சு. அத எங்கிட்ட இருந்து திரும்ப எடுத்துறாதீக."

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவன், "வரப்ப நகத்துனவங்கிட்ட நானும் இப்பத்தான் கேட்டேன். மூணு தலைமுறையா எங்க வீட்ல ஒருத்தரும் கேக்கல" என்றான் தனக்குள் பேசுவதுபோல. மயில்சாமி தாட்சாயணியைப் பார்த்தார். அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு உலோகம் எண்ணெய்க்குள் தாண்டுவதை அவளால் துல்லியமாக அளக்க முடிந்தது. அது விட்டுப்போன இடத்தில் என்ன முளைக்கும் என்று அவள் கேட்டுப் பார்த்ததே இல்லை.

பொழுது சாயும்வரை பேசினார்கள். ஊர் முக்கில் இரண்டு குழாய் வைப்பது, ஒன்றில் லித்தியத்தோடு, ஒன்றில் இல்லாமல், அவரவர் விரும்பியதைப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு மட்டும் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு இன்னொரு நாள் கூடலாம் என்று கலைந்தார்கள்.

குழாயைத் தேர்ந்தெடுக்கும் முன் தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. ஆலை வாசலில் கூட்டம். தட்டை, தட்டை, தட்டை என்று கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. வேடிக்கை பார்க்க வந்த பூவலிங்கத்தையும் சுலைகா பீவி பிடித்து உட்காரவைத்தார். "ஊருக்கே உதாரணம் நீதானப்பா. உன் கோட்டையும் பாப்போம்."

தாட்சாயணி சிரித்துக்கொண்டே சோதனையை ஓட்டினாள். கோடு தட்டையாக நகர்ந்தது. பிறகு மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போய், அன்று யாருக்கும் வராத உயரத்தில் மேடு கட்டி, இறங்கியது.

கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். அதே மேடு.

"லிங்கம்" என்றாள், குரல் தணிந்து. "நீ என்ன தண்ணி குடிக்கற?"

"வீட்ல குழாய்த் தண்ணிதான்." அவன் யோசித்தான். "பகலெல்லாம் கடையிலதான கெடக்கேன். பின்னால அடிபம்பு இருக்குல்ல. அதக் குடிச்சுப் பழகிப்போச்சு. நல்ல தண்ணி எனக்குச் சப்புன்னு இருக்கு." திரையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப நானும் உப்புத்தானா?"

சுலைகா பீவி மெதுவாக எழுந்து வெளியே போனார்.

அன்று வீடு வந்து சேர்ந்து, நடையில் செருப்பைக் கழற்றும்போது பூவலிங்கம் சொன்னான்: "நாளையில இருந்து நான் வீட்டுத் தண்ணியையே கடைக்கும் கொண்டுபோறேன் தாட்சா."

"வேண்டாம்" என்றாள் அவள். சொன்ன வேகம் அவளுக்கே திடுக்கென்றது. "நீ இப்படியே இரு. நான்தான் கிணத்துத் தண்ணிக்கு மாறணும்."

"நீ இத்தன வருசமா எதையாச்சும் தோண்டிப் பாத்துக்கிட்டேதான இருக்க? எனக்கும் பாக்கணும். அது எறங்குனா அடியில யாரு இருக்கான்னு."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குப் பயம் வரல. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றான் அவன்.

மறுக்க அவளிடம் நியாயம் இல்லை. ஊருக்கே தேர்வு கொடுத்தவள் கணவனுக்கு மட்டும் எப்படி மறுப்பாள்? வாரங்கள் போயின. அவள் அவனைக் கவனித்தாள். தட்டு பறக்குமா, கை ஓங்குமா என்று காத்திருந்தாள். அவன் முன்போலவே போனான், வந்தான். கொஞ்சம் தூக்கம் குறைந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ பார்த்தான். நல்லவேளை, இது இவனுடைய குணம்தான் என்று அவள் மூச்சு விடத் தொடங்கியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்தது. முதுகைக் காட்டியபடி நின்றிருந்த பூவலிங்கம் திடீரென்று சொன்னான்: "ஓசூர்ல இருந்து கூப்பிட்டாகல்ல."

"யாரு?"

"மோட்டார் கம்பெனி. கல்யாணமான மறுவருசம். புது மோட்டார் டிசைன்ல என்னையும் சேத்துக்கிறேன்னாக. நீ, இப்பத்தான லேப் வந்திருக்கு, எப்படிப் போறதுன்ன. நான் சரின்னேன்."

அவளுக்கு மங்கலாகத்தான் நினைவிருந்தது. அவன் சரி என்று சொன்னது மட்டும் நன்றாக நினைவிருந்தது. அவன் எதற்கும் சரி என்றுதான் சொல்வான்.

"நீ ஆசைப்பட்டதா சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே!" அவன் திரும்பினான். முகம் சிவந்திருந்தது. அவள் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. "எம்புட்டு ஆசைன்னு தெரியுமா உனக்கு? அடுத்தவன் செஞ்ச மோட்டாருக்குக் காயில் கட்டியே காலம் போகுது. நானா ஒண்ணு செய்யணும்னு பள்ளிக்கூடத்துலருந்து நெனப்பு. நீ ஒரே வார்த்தையில முடிச்சுட்ட!"

"அப்பவே கோபப்பட்டிருக்க வேண்டியதுதானே? ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாமே?"

"வரல!" என்று கத்தினான். கத்திய சத்தத்தில் அவனே ஒரு நொடி நின்றான். பிறகு குரல் உடைந்தது. "அப்ப எனக்கு வரல தாட்சா. கோவமும் வரல, வருத்தமும் வரல. சரி போகட்டும்னு இருந்துச்சு. இப்பத்தான் வருது. எல்லாமாச் சேந்து வருது."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் எட்டி அடுப்பை அணைத்தாள். அவளுக்கும் உள்ளே சூடு ஏறிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்தது உன் தப்பு என்று திருப்பிக் கத்தலாம். அதிலும் பாதி நியாயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று அவளைப் பிடித்திழுத்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் பார்த்திராத ஒருவன் எதிரே நின்று, மூச்சு வாங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

தாட்சாயணி முக்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"இன்னும் சொல்லு" என்றாள்.